இஃப்புக்குப் பின்னால் வில் வராது

பத்தாம் வகுப்பில் எங்கள் இங்கிலீஷ் வாத்தியார் கரும்பலகையில் ஒரு வாக்கியம் எழுதினார்: 'இஃப் இட் ரெயின்ஸ், த மேட்ச் வில் பி கேன்சல்ட்.' 'ரெயின்ஸ்' மேல் ஒரு வட்டம், 'வில்' மேல் ஒரு வட்டம். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "இஃப்புக்குப் பின்னால வில் வராது. வந்தா மார்க் வராது" என்றார்.

அது 1995. காங்கேயத்துக்கு வடக்கே மானாவாரிக் காடுகளுக்கு நடுவில் எங்கள் ஊர். கொரங்காட்டில் கொழுக்கட்டைப் புல் முளைத்தால் மாடு பிழைக்கும். முளைக்காவிட்டால் கடன் வாங்கித் தீவனம் போட வேண்டும். எங்கள் வீட்டில் 'மழை பேஞ்சா' என்று ஆரம்பிக்கிற பேச்செல்லாம் நல்ல சேதியில்தான் முடியும். மழை பேஞ்சா கம்பு போடலாம். மழை பேஞ்சா உனக்கு சைக்கிள். மழை பேஞ்சா அக்கா கல்யாணத்தை ஆவணியிலேயே வச்சுக்கலாம். அதனால் அந்த வாக்கியம் வகுப்பில் யாருக்கும் இறங்கவில்லை. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "மழ பேஞ்சா மேட்ச எதுக்குங் சார் நிறுத்தோணும்?" என்று கேட்டான். நாங்கள் கபடி ஆடுகிறவர்கள். ஈர மண்ணில் விழுந்தால் முட்டி தேயாது. "அது கிரிக்கெட்டுரா, உக்காரு" என்றார் வாத்தியார்.

அதற்கப்புறம் எத்தனையோ இலக்கணப் புத்தகங்களைப் புரட்டிவிட்டேன். எல்லாவற்றிலும் மழை எதையாவது கெடுக்கத்தான் வருகிறது. பிக்னிக் நின்றுபோகும், குடை தேவைப்படும், துணி நனையும். அவற்றை எழுதியவர்கள் ஊரில் மழைக்குப் பஞ்சமே இருந்திருக்காது.

வாத்தியார் மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தார். முதல் கட்டத்தில் வி-ஒன், எதிரே வில். இரண்டாவதில் வி-டூ, அதாவது இறந்த கால வடிவம், எதிரே வுட். மூன்றாவதில் ஹேட் போட்டு வி-த்ரீ, எதிரே வுட் ஹேவ் போட்டு வி-த்ரீ. இதை வாய்ப்பாடு மாதிரி சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். நாற்பது பேர் சேர்ந்து 'வில்லு, வுட்டு, வுட்டாவ்' என்று கத்தினால் பக்கத்து வகுப்புத் தமிழய்யா எட்டிப் பார்ப்பார். "என்னத்தடா வுட்டீங்க?" என்று ஒருநாள் கேட்டே விட்டார்.

இரண்டாவது கட்டத்துக்கு உதாரணம், தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பறவைதான். 'இஃப் ஐ வேர் எ பேர்ட், ஐ வுட் ஃப்ளை.' எனக்கு அங்கேதான் இடித்தது. ஐ வந்தால் வாஸ், தே வந்தால் வேர் என்று எட்டாம் வகுப்பில் அடித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"சார், ஐ-க்கு வாஸ்தானுங்களே?"

"நீ பறவையா ஆவ முடியுமா?"

"முடியாதுங் சார்."

"முடியாததுக்கு வேர்."

அவ்வளவுதான் விளக்கம். அந்த வயதில் அது எனக்குப் போதவில்லை. இன்றைக்கு யோசித்தால் அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பரீட்சையில் அந்தப் பகுதியில் ஒரு மார்க்கூட விடவில்லை. பாதி வாக்கியத்தை அவர்களே கொடுத்துவிடுவார்கள். மீதியில் ஒரு கோடு இருக்கும். கோட்டுக்கு இந்தப் பக்கம் வி-டூ இருந்தால் அந்தப் பக்கம் வுட். வாக்கியத்துக்கு அர்த்தம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. தறியில் நூல் கோக்கிற மாதிரி கை தானாகக் கோத்துவிடும். எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்பதை நாமே முடிவு செய்ய வேண்டிய நாள் ஒன்று வரும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

அந்த நாள் 2001-இல் திருப்பூரில் வந்தது. பி.காம் முடித்துவிட்டு ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசருக்கு உதவியாளாகச் சேர்ந்தேன். மெர்ச்சண்டைசர் என்றால் பையருக்கும் பட்டறைக்கும் நடுவில் நிற்கிற ஆள். லேப் டிப், அதாவது நிறம் பார்ப்பதற்கான துணித் துண்டு, அனுப்ப வேண்டும், அப்ரூவல் வாங்க வேண்டும், டையிங்கில் போய் நிற்க வேண்டும், தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் கிளம்புகிற வரைக்கும் தூங்கக் கூடாது. இத்தனைக்கும் இடையில் ஒரு நாளைக்கு முப்பது மெயில். எல்லாம் இங்கிலீஷில்.

சேர்ந்த மூன்றாம் மாதம் நெதர்லாந்திலிருந்து ஒரு பையர் வருவதாக இருந்தது. திங்கட்கிழமை கோயமுத்தூர் விமான நிலையத்தில் இறங்குகிறார். டிக்கெட் நகல்கூட அனுப்பிவிட்டார். 'நீங்க திங்கக்கெழம வந்தீங்கன்னா நம்ம கார் நிக்கும்' என்று அவருக்குச் சொல்ல வேண்டும். நான் முதல் கட்டத்தில் பிசகில்லாமல் எழுதினேன். இஃப் யூ கம் ஆன் மண்டே, அவர் கார் வில் பி வெயிட்டிங். வி-ஒன், வில். வாத்தியார் பார்த்திருந்தால் டிக் போட்டிருப்பார்.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. நான் வருகிறேன் என்றுதானே சொன்னேன், வரமாட்டேன் என்று யார் சொன்னார்கள், அங்கே ஏதாவது பிரச்சினையா என்று கேட்டிருந்தார். மெர்ச்சண்டைசர் அண்ணன் மெயிலை இரண்டு தடவை படித்துவிட்டு என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் தப்பு எங்கே என்று தெரியவில்லை.

தப்பு இங்கிலீஷில் இல்லை. என் தமிழில் இருந்தது. தமிழில் அது தப்பும் இல்லை. 'அப்பா வந்தா இந்தச் சாவியக் குடு' என்று அம்மா சொல்லிவிட்டுப் போவாள். அப்பா தினமும் ஆறரை மணிக்கு வருகிறவர். வருவாரோ மாட்டாரோ என்ற சந்தேகம் அந்த 'வந்தா'வில் துளியும் கிடையாது. நிச்சயமாக வருவதற்கும் அதே ஆல், வந்தாலும் வரலாம் என்பதற்கும் அதே ஆல், வரவே மாட்டார் என்று தெரிந்த ஆளுக்கும் அதே ஆல். எது என்பதைக் குரல் சொல்லும், முகம் சொல்லும், சொல்கிறவரின் சரித்திரம் சொல்லும். இங்கிலீஷ்காரனுக்கு அந்த முதலாவதுக்கு வென் என்று தனியாக ஒன்று இருக்கிறது. பையரைப் பார்த்து இஃப் என்றால் 'உம்மை நான் நம்பவில்லை' என்று சொன்னதாகிவிடுகிறது. விமானத்துக்குக் காசு கட்டின மனிதரிடம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவை உக்கடத்தில் பழைய புத்தகக் கடைகளில் அலைந்தேன். கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்தது ரென் அண்ட் மார்ட்டின். அதை எழுதின ரென்னேதான் பாலைவனச் சிப்பாய்களைப் பற்றி 'போ ஜெஸ்ட்' என்ற பிரபலமான நாவலையும் 1924-இல் எழுதினவர் என்று பிற்பாடு தெரிந்தபோது நம்ப முடியவில்லை. வினைச்சொல்லை இப்படிக் கூறு போட்ட கையா அது! இன்னொன்று நீல அட்டை போட்ட ரேமண்ட் மர்ஃபி. 1985-இல் முதலில் வந்த புத்தகம். இடது பக்கம் விளக்கம், வலது பக்கம் பயிற்சி. முந்தைய சொந்தக்காரர் பென்சிலில் பாதி விடை எழுதி, பாதியை விட்டுவிட்டுப் போயிருந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து நான் பஸ்ஸிலும் பஞ்சிங் டேபிள் ஓரத்திலுமாகப் போட்டு முடித்தேன்.

மர்ஃபியில் ஒரு ஜோடி வாக்கியத்தை ஒட்டி நான் எனக்கே ஒன்று கட்டிக்கொண்டேன். கீழே கிடக்கும் பர்ஸைப் பற்றியது. பர்ஸ் இங்கேதான் எங்கோ கிடக்கிறது, தேடுகிறோம்: 'இஃப் ஐ ஃபைண்ட் இட், ஐ வில் டெல் யூ.' பர்ஸும் தொலையவில்லை, ஒன்றும் தொலையவில்லை, சும்மா பேச்சுக்குச் சொல்கிறோம்: 'இஃப் ஐ ஃபவுண்ட் எ பர்ஸ், ஐ வுட் டேக் இட் டு த போலீஸ்.' இரண்டும் நாளைக்கு நடக்கப்போவதைப் பற்றித்தான். ஆனால் இரண்டாவதில் ஃபவுண்ட். இறந்த காலம் என்று நாம் படித்தது அங்கே காலத்தைச் சொல்லவே இல்லை. கண் முன்னால் இருக்கிற விஷயத்திலிருந்து ஒரு எட்டு தள்ளி நிற்பதைச் சொல்கிறது. பறவைக்கு வேர் வந்ததும் அதனால்தான். நான் அங்கே இல்லை, அது ரொம்ப தூரம் என்கிற வேர் அது.

இது புரிந்ததும் எங்கள் கம்பெனி மெயில்களைத் திறந்து பார்த்தேன். பயமாக இருந்தது. நாங்கள் எல்லாரும் வுட் என்பதை மரியாதைச் சொல் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். 'வாருங்கள்' மாதிரி, வில்லுக்கு ஒரு 'ங்க' சேர்த்தால் வுட். 'துணியில் ஓட்டை இருந்தால் மாற்றித் தருகிறோம்' என்பதற்கு வி-ஒன் போட்டு, எதிரே பணிவாக வுட் ரீப்ளேஸ் போட்டிருந்தோம். படிக்கிறவர் காதில் அது 'மாற்றித் தரக்கூடும், அப்படி ஒன்று நடந்தால் பார்ப்போம்' என்று விழும். ஒரு பையர் வெளிப்படையாகவே கேட்டிருந்தார்: வில்லா, வுட்டா? அண்ணன் அதற்கு, இரண்டும் ஒன்றுதான் என்று பதில் போட்டிருந்தார்.

வாத்தியாரின் சட்டத்துக்கும் ஒரு சந்து உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. 'இஃப் யூ வில் வெயிட் ஹியர் எ மோமென்ட்' என்று பையரின் அலுவலகப் பெண் ஒருத்தி போனில் சொன்னாள். இஃப்புக்குப் பின்னால் வில்! எனக்கு ஒரு நொடி சந்தோஷமாகவே இருந்தது, மாட்டினாள் என்று. அந்த வில் வருங்காலம் இல்லை, 'தயவு பண்ணி' என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது கட்டத்தை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எக்ஸ்போர்ட்டில் சண்டையே அந்தக் கட்டத்தில்தான் நடக்கும். நாங்கள் அனுப்பினதெல்லாம் எஃப்.ஓ.பி.யில், கப்பல் கூலி பையருடையது. தாமதம் நம்மால் என்று முடிவானால் சரக்கு விமானத்தில் போகும், கூலி நம் தலையில். ஒரு ஏர் ஷிப்மென்ட்டில் அந்த ஆர்டரின் லாபமெல்லாம் பறந்துவிடும். அதனால் 'லேப் டிப் பத்தாம் தேதி அப்ரூவ் ஆகியிருந்தால் கப்பலிலேயே அனுப்பியிருப்போம்' என்று இவர்கள். 'முதல் லேப் டிப்பே நிறம் சரியாக வந்திருந்தால் பத்தாம் தேதிக்கு முன்னாலேயே அப்ரூவ் செய்திருப்போம்' என்று அவர்கள். ஹேட், வுட் ஹேவ், ஹேட், வுட் ஹேவ் என்று பத்து மெயில் போகும். நடந்து முடிந்ததை யாரும் மாற்ற முடியாது. யார் காசு என்பதை மட்டும் மாற்றலாம்.

இந்தக் கட்டத்துக்குத் தமிழிலேயே அச்சு இருக்கிறது. ஆகியிருந்தால், அனுப்பியிருப்போம். ஹேட் இருக்கிற இடத்தில் இருந்தால், வுட் ஹேவ் இருக்கிற இடத்தில் இருப்போம். 2006-இல் அப்பா போனபோது பந்தலில் உட்கார்ந்து மூன்று நாள் இதையேதான் கேட்டேன். அன்னைக்கே கோயமுத்தூர் கூட்டிட்டுப் போயிருந்தா. அந்த மாத்திரைய நிறுத்தாம இருந்திருந்தா. வந்தவர்கள் யாரும் இரண்டாவது பாதியைச் சொல்லவில்லை.

2009-இல் எங்கள் டேபிளுக்கு ஒரு பெண் ட்ரெய்னியாக வந்து சேர்ந்தது. ஊத்துக்குளிப் பக்கம், தமிழ் மீடியம், படு கெட்டி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதற்கும் இன்னும் இரண்டு பேருக்கும் நான் மெயில் எழுதச் சொல்லிக் கொடுப்பேன். வாத்தியாரின் அதே மூன்று கட்டம், சாம்பிள் அட்டையின் பின்பக்கத்தில். இரண்டாவது கட்டத்தில் வழக்கம்போல எல்லாரும் முழித்தார்கள். நாளைக்கு நடப்பதற்கு எதற்கு வி-டூ? 'அது தூரத்தைக் காட்டுது' என்று நான் மர்ஃபி புராணம் பாடிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னது:

"அண்ணா, நம்முளும் அப்படித்தானுங்களே சொல்றோம்?"

"எப்படி?"

"நாளைக்கு வந்தா-ன்னுதான சொல்றோம். வந்தான், வந்தா. வருவா-ன்னு சொல்றதில்லீங்களே."

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. வந்தான், வந்தால். போனான், போனால். படித்தான், படித்தால். ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். இறந்த காலத்து வினையின் வாலை வெட்டிவிட்டு ஆல் ஒட்டியிருக்கிறது. வருகிறால் என்று ஒன்று இல்லை. வருவால் இல்லை. 'வருவான் என்றால்' என்று சுற்றி வளைத்தாலும், கடைசியில் நிற்கிற 'என்றால்' என்பதும் 'என்றான்' வழி வந்ததுதான். இல்லை என்று சொல்லப் போனாலும் 'வராவிட்டால்'. அதிலும் விட்டான் உட்கார்ந்திருக்கிறான். முப்பது வருஷமாக நாளைக்கு நடக்கப்போவதை எல்லாம் வி-டூவில் பேசிவிட்டு, இங்கிலீஷ்காரன் பேசினால் மட்டும் ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

பழைய தமிழில் இதற்கு வேறு உருவம். வரின், செயின் என்று. தொல்காப்பியர் வினையெச்சத்துக்குச் சொல்கிற ஒன்பது வாய்பாடுகளில் செயின் ஒன்று. அதில் இறந்த காலத்தின் சாயலே கிடையாது. செய்தால் பின்னால் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பக்கத்து வகுப்புத் தமிழய்யாவுக்கு இதெல்லாம் அத்துப்படியாக இருந்திருக்கும். அவரும் இங்கிலீஷ் வாத்தியாரும் ஒரு டீக்கடையில் சேர்ந்து உட்கார்ந்திருந்தால், நாங்கள் வுட்டு வுட்டு என்று கத்தியிருக்க வேண்டாம்.

ஆனால் ஒற்றுமை அங்கேயே முடிந்தும்விடுகிறது. இங்கிலீஷில் வி-ஒன் பக்கத்திலேயே இருக்கும். வி-டூ வேண்டுமென்றே எடுத்துப் போடுவது. தமிழில் இருப்பது ஒன்றே ஒன்று. நடக்கும் என்று நம்பினாலும் 'வந்தால் தருவேன்', நம்பாவிட்டாலும் 'வந்தால் தருவேன்'. இங்கிலீஷில் இஃப் என்று வாயைத் திறக்கிற முன்னாலேயே மனசுக்குள் ஒரு பக்கம் சாய்ந்துவிட வேண்டும்.

2011 ஜனவரிக் கடைசியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை எல்லாம் மூடினார்கள். எழுநூறுக்கு மேல். நொய்யலில் சாயத் தண்ணீர் விட்டது நின்றபாடில்லை என்பதுதான் வழக்கு, அது பொய்யில்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்கென்று கட்டினது, சாயக் குட்டையாகிவிட்டது. என் மாமன் தோட்டத்துக் கிணறு அதனால்தான் உப்பேறிப் போனது. பட்டறைகள் மூடின அன்று மாமன் போன் பண்ணி, "இனி தொறந்தாங்கன்னா இருக்குது" என்றார். எங்கள் ஆபீஸில் முதலாளி அதே நேரத்தில், "தொறந்தாப் போதுஞ் சாமி" என்றுகொண்டிருந்தார். ஒரே சொல்தான். காதில் போனை வைத்துக்கொண்டு நான் இரண்டையும் கேட்டேன்.

மூடி இரண்டாவது வாரம். நிட்டிங் முடிந்த துணி ரோல் ரோலாக வராண்டா வரைக்கும் அடுக்கிக் கிடந்தது, சாயம் காணாமல். வெளி மாநிலத்துக்குத் துணியை அனுப்பிச் சாயம் போடலாமா என்று ஊரே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. நெதர்லாந்துக்காரர், அதே மனிதர், நிலைமை என்ன என்று கேட்டு எழுதியிருந்தார். முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"டையிங் தொறந்தா இருவது நாள்ல சரக்கு அனுப்பீருவம்னு போட்டுரு."

டைப் அடிக்கக் கை வைத்தேன். இஃப் த யூனிட்ஸ் என்று வந்துவிட்டது. அதற்கு மேல் போகவில்லை. ரீ-ஓப்பனா, ரீ-ஓப்பன்டா?

"ஏன்டா நின்னுட்ட?"

"தொறக்கும்னு நெனைக்கறீங்களாங்க?"

"அத எதுக்குக் கேக்கற? நாஞ் சொன்னத எழுது."

"அது தெரிஞ்சாத்தானுங்க எழுத முடியும். தொறக்கும்னா ஒரு மாதிரி. தொறக்காதுன்னா வேற மாதிரிங்க."

முதலாளி பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு வாரமாக எல்லோரும் அவரிடம் எத்தனையோ கேட்டிருப்பார்கள்: சம்பளம் உண்டா, பேங்க் தவணை என்ன, ஆளுகளை ஊருக்கு அனுப்பலாமா. இதை மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். திரையில் பாதியில் நின்ற வாக்கியத்தைப் படிக்கிற மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் எட்டாவது வரைக்கும் படித்தவர்.

"ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணும் இல்லியா?"

"இல்லீங்க."

"நல்ல பாஷடா." மீசையைத் தடவிக்கொண்டார். "சரி. தொறக்கும்னே போடு."

ரீ-ஓப்பன் போட்டேன். எதிரே வில். அனுப்பப் போகும்போது பக்கத்து டேபிளிலிருந்து அந்தப் பெண் மெல்லக் கேட்டது: "அண்ணா, அப்ப வென்னுனே போட்டுரலாமுங்களே?"

முதலாளிக்குக் காது கூர்மை. "அதென்ன வென்னு?"

"தொறந்தா-ங்காம, தொறந்த உடனேன்னு சொல்றதுங்க. தொறக்கறது உறுதின்னா அதுதானுங்க போடோணும்."

அவர் எழுந்து ஸ்டூலைக் காலால் தள்ளி இருந்த இடத்திலேயே வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே, பதினைந்து நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

"அவ்வளவெல்லாம் வேண்டாங் கண்ணு. மொதல்ல போட்டதே இருக்கட்டும்."